வாபஸ் வாங்க முடியாத நன்றி

ஜனவரி 12

எங்கள் வீட்டு உதவாக்கரை முதல் நம்பரான அண்ணனுக்கு, உதவாக்கரை இரண்டாம் நம்பர் எழுதுவது.

கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை அம்மா விசாரிக்கிறாள். நான் விசாரிக்கவில்லை, அம்மாதான் விசாரிக்கிறாள், கவனி.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் போன் இல்லை, டிவி இல்லை, முக்கியமாகப் பாட்டில் இல்லை என்று அம்மா சொன்னாள். இத்தனை இல்லை இருப்பதால்தான் இல்லம் என்று பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது. கடிதம் மட்டும் போடலாமாம். ஆகவே உன் தலையெழுத்து, என் கையெழுத்து.

அப்பா ஊரில் பழுதான லிஃப்டையெல்லாம் சரிசெய்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். தன் முகத்தை மட்டும் இறக்கியே வைத்திருக்கிறார். தோள் வீக்கம் வற்றிவிட்டது. அன்றைக்கு நீ குடித்துவிட்டு கட்டட உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில் உட்கார்ந்துகொண்டு, பிரேக்கைப் பிடிக்காமலே "நிறுத்திட்டேன்பா" என்று குரல் கொடுத்தாய். லிஃப்ட் நிற்காமல் மேலே ஏறியது. அதன் கூரைமேல் நின்றிருந்தவர் சட்டென்று குனிந்ததால் தோளோடு போயிற்று. குனியாமல் இருந்திருந்தால்... சரி, விடு.

இப்போது தனியாகத்தான் வேலைக்குப் போகிறார். கூரைமேல் ஏறிச் செய்கிற வேலை வந்தால் தள்ளிப்போடுகிறார். "கூட ஒரு ஆள் வெச்சுக்குங்களேன்" என்றாள் அம்மா. "பிரேக் பிடிக்கிறவன் கையிலதான் கூரைமேல நிக்கிறவன் உசுரு. அதை யார் கையில குடுக்கச் சொல்றே?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. வேறு யார் பெயரையும் சொல்லவில்லை.

நீ வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாக அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். ஆலயத்தில் மைக்கைப் பார்த்துக்கொள்ள நீ இல்லாததால் அது வாராவாரம் கழுத்து நெரிபட்ட கோழியாட்டம் கத்துகிறது. சீக்கிரம் தெளிந்து வந்து சேர். வீட்டில் உனக்கு விழவேண்டிய திட்டெல்லாம் என் கணக்கில் விழுகிறது.

இப்படிக்கு,
வாலு


ஜனவரி 25

வாலுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைநடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த எழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும், குறைந்து இப்படி.

காலையில் எல்லோரும் கூடி ஜெபிக்கிறோம். மற்றவர்கள் கடவுளிடம் நிறையப் பேசுகிறார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்ற தகப்பன் உயிரையே பிடிக்கத் தெரியாதவனிடம் அவருக்கு என்ன பேச்சு இருக்கப்போகிறது?

அப்பா சட்டை போடும்போது கையைத் தூக்க முடிகிறதா?

வெளியூர் வேலை என்றே நீயும் சொல். யாருக்கும் தெரியவேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீ தெளிவோடு ஆலயத்துக்கு வந்து ரொம்பக் காலமாகிவிட்டதால் ஞாபகப்படுத்துகிறேன். முதலில் விண்ணப்ப நேரம். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள், சபையார் "இரங்கும் ஆண்டவரே" என்போம். பிறகு நன்றி நேரம். கிடைத்த நன்மையைச் சொல்வார்கள், சபையார் "நன்றி ஆண்டவரே" என்போம். எது எந்த நேரம் என்று காட்ட முன்னால் ஒரு பலகை தொங்கும். ஒரு பக்கம் விண்ணப்பம், மறு பக்கம் நன்றி. சபையார் காதைக் கொடுப்பதில்லை. பலகையைப் பார்த்து வாயை மட்டும் கொடுப்பார்கள். இதை நான் வெகுநாளாகக் கவனித்து வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு விண்ணப்ப நேரம் தொடங்கும்போது மைக் கத்தியது. போதகர் உட்பட அத்தனை பேரும் காதைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொண்டார்கள். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். என் கையில் குடை இருந்தது. குடையின் பிடி வளைவாக இருந்தது. இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? பலகையைத் திருப்பிவிட்டேன்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். "என் ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு ஆண்டவரே."

"நன்றி ஆண்டவரே!" என்றது சபை.

அவர் திரும்பிப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு யாருடைய முகமும் சரியாகத் தெரிந்திருக்காது. உட்கார்ந்துவிட்டார். அடுத்து தையல்கார அக்கா. "என் மாமியார் வராங்க. திரும்பிப் போறது எப்போன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க. எனக்குப் பொறுமையக் குடுங்க ஆண்டவரே."

"நன்றி ஆண்டவரே!"

நான் குடைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா எழுந்தாள்.

அண்ணா, அம்மா ஆலயத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் மகன் வெளியூர் வேலைக்குப் போகல. நான் பொய் சொன்னேன். குடியில விழுந்துட்டான், மறுவாழ்வு இல்லத்துல இருக்கான். அவனை மீட்டு எங்ககிட்ட திருப்பிக் குடுங்க ஆண்டவரே" என்றாள்.

சபை வந்த வேகத்தில், இருப்பதிலேயே பெரிய சத்தமாக, "நன்றி ஆண்டவரே!" என்றது.

அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்று எல்லோருக்கும் உறைத்தது. போதகர் பலகையைப் பார்த்தார். பலகையிலிருந்து குடையைப் பார்த்தார். குடையிலிருந்து என்னைப் பார்த்தார். அம்மா அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் நின்றவாக்கிலேயே கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாக, "ஆமா. நன்றி ஆண்டவரே" என்று தானும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையைத் திருப்பியது ஒரே கை. வீட்டுக்கு வந்தபின் முதுகில் விழுந்தது பல கை. அத்தனையும் அம்மாவுடையது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்பைப் பார்த்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை.

வாலு


பிப்ரவரி 20

வாலு,

எல்லோரும் சுகமாக இருங்கள்.

அம்மா அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள் என்று படித்த இடத்திலேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். இனி அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? எங்கே போவதானாலும் கண்ணாடிக் கடையைத் தாண்டித்தானே போகவேண்டும்?

இன்னும் மீளாதவனுக்காக நன்றியாம். வேண்டுமென்று கேலி செய்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது.

இங்கே வெளிக்கதவை யாரும் பூட்டுவதில்லை. பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருக்கிறது. துறைமுகத்தில் சுமை ஏற்ற ஆள் எடுக்கிறார்களாம், பெயர்கூடக் கேட்பதில்லையாம்.

அம்மாவைக் கவனித்துக்கொள். கொஞ்ச காலம் எழுதாதே.

அண்ணன்


பிப்ரவரி 27

எழுதாதே என்று சொன்ன அண்ணனுக்கு, எழுதாமல் இருப்பது எப்படி என்று விளக்கி எழுதுவது.

எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீ அங்கே இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

போதகர் வீட்டுக்கு வந்தார். போதும் போதும் என்றாலும் போதிக்கிறவர் ஆயிற்றே, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று நினைத்தேன். ஆனால் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் கேட்டார்.

"இவ பண்ண குளறுபடிக்கு, வர ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் மறுபடி எழுந்து முறையா விண்ணப்பமாவே சொல்லிடட்டுமா ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

போதகர் தலையைச் சொறிந்தார். "சபையே சேர்ந்து நன்றி சொல்லியாச்சேம்மா. கடவுள்கிட்ட சொன்ன நன்றியை எப்படி வாபஸ் வாங்குறது? எனக்கு அந்த வழிமுறை யாரும் சொல்லிக் குடுக்கல."

"ஆனா இன்னும் ஒண்ணும் நடக்கலியே ஐயா."

"நாம திருந்தி முடிச்ச பிறகா அவர் நம்மள நேசிக்க ஆரம்பிச்சாரு? அவர் எப்பவும் முன்னாடியே குடுக்குறவரு. நாம ஒரு தடவை நன்றிய முன்னாடியே சொல்லிட்டா என்ன குறைஞ்சுபோச்சு? இருக்கட்டும்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "எந்தக் கை?" என்றார். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "சரி, அப்போ ரெண்டு கையாலயும் ஆலயத்துப் பெஞ்சையெல்லாம் துடைச்சிடு." துடைத்தேன். சபையில் பாதிப் பேர் பெஞ்சுக்கடியில் மிட்டாய்த் தாளைச் செருகுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேன். இதைப் பிற்பாடு பயன்படுத்துவதாக உத்தேசம்.

இப்போது முக்கியமான சேதி. கண்ணாடிக் கடையைத் தாண்டுவதற்கு நீ பயப்படுகிறாய் என்பதை மட்டும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். திட்டாதே. அவர் கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "பாப்பா, நானும் அந்த இல்லத்துல இருந்தவன்தான். கல்யாணத்துக்கு முன்னாடி. இங்க யாருக்கும் தெரியாது. உங்கம்மா எழுந்து நின்னதும் எனக்கு உட்கார்ந்திருக்கவே கூச்சமா போச்சு. அவன் என் கடையைத் தாண்டிப் போகக்கூடாது, உள்ள வரணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

துறைமுகத்தில் பெயர் கேட்க மாட்டார்கள் என்கிறாய். பெயரே தெரியாவிட்டால் உன்னை யார் எப்படித் திட்டுவார்கள்? நன்றாக யோசி.

வாலு


மார்ச் 18

அண்ணா,

சுகமா?

வேடிக்கையாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. உன்னிடமிருந்து கடிதம் வராததால், உனக்கு ஜுரமாக இருக்குமோ என்றாள் அம்மா. ஆமாம், ஜுரமாகத்தான் இருக்கும் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் உனக்கு ஜுரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நடிக்கிறாள். ஊற்றி ஊற்றிச் செடி அழுகிவிட்டது. இப்போது வெறும் தொட்டிக்கு ஊற்றுகிறாள்.

அப்பா ஆலயத்தில் பெஞ்சின் ஓரத்தில் இடம் விட்டு உட்காருகிறார். போன வாரம் கூட்டம். பின்னாலிருந்து ஒருவர் வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார். "ஆள் வருது" என்றார் அப்பா. ஆராதனை முடியும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார், அப்பாவும் தள்ளி உட்காரவில்லை.

நான் தினமும் கடவுளுக்கு நன்றி மட்டும்தான் சொல்கிறேன். கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் அவர் முடியாது என்று சொல்லிவிடலாம். நன்றி சொன்னால் அவரால் என்ன சொல்ல முடியும்?

எழுது. ஒரு வரி போதும். திட்டாக இருந்தாலும் சரி.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

நான் சுகம். ஜுரம்தான். அம்மாவிடம் சொல், அவள் சொன்னது சரி. வேறொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றிய உன் கடிதம் வந்த அன்று நான் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டிருந்தேன். படித்தேன். அப்படியும் கிளம்பினேன். நிறுத்தத்தில் போய் நின்றேன். பேருந்து வந்தது. "எங்க?" என்றார் கண்டக்டர். துறைமுகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே எனக்காக யாரும் நன்றி சொல்லியிருக்கவில்லை என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"ஏறுறியா இல்லியா?"

"இல்லண்ணே. நான் இங்கதான் இறங்கணும்" என்றேன்.

பேருந்தில் ஏறவே இல்லை, இறங்கணும் என்கிறேன். அவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு விசில் ஊதினார். என்னை அப்படி ஒருவர் தவறாக நினைத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தேன். அன்று மாலையே ஜுரம் கண்டது, வெகுநாள் படுத்தேன். எழுந்த பிறகும் பேனாவை எடுக்க வெட்கம். பிறகு ஒரு காலை ஜெபத்தில் ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். எதையாவது கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. அதனால் "நன்றி ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று தெரியாமலேதான் சொன்னேன். சொன்னதும் தெரிந்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொள்ளும்படி அவரைக் கெஞ்சவேண்டியதில்லை. விட்டிருந்தால்தானே மறுபடி பிடிக்க? பேருந்துப் படியில் கால் வைக்கப்போகும் வரைக்கும் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறார்.

அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தன் துண்டைக் கொடுத்தார். அது துவைத்துப் பலநாள் ஆன துண்டு. அதற்கும் நன்றி.

அப்பா இன்னும் ஓரத்தில் இடம் விடுகிறாரா?

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 15

மகா கனம் பொருந்திய அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம், சுகம், சுகம்! உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். அம்மா ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள், குழம்பையும் தீயவிட்டாள். அப்பா, "அந்தக் கண்டக்டர் கேட்டத மறுபடி படி" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ" என்றார். பிறகு முகத்தைக் கழுவப் போய் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அப்படிக் கழுவும் அளவுக்கு அது ஒன்றும் பெரிய முகம் இல்லை.

பார்வையாளர் நாளன்று உன்னைப் பார்க்க அப்பா தனியாகவே கிளம்பினார். கையில் வேலைப்பை. "பிள்ளையப் பாக்கப் போறதுக்கு ஸ்பானர் எதுக்கு?" என்றாள் அம்மா. அவர் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பையோடுதானே போவார்.

திரும்பி வந்ததும் அம்மா ஓடிப்போய், "பிள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் ஓடுது" என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எவ்வளவோ குடைந்தோம். இரண்டாம் தடவையும் சாப்பாடு போட்டுக்கொண்டார். அப்புறம் குளிக்கும்போது பாடினார். அப்பா! பாட்டு! குழாயில் ஏதோ பழுது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

என்ன நடந்தது? முழுதாக எழுது. எழுதாவிட்டால் நானே ஒரு கதையை இட்டுக்கட்டி ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்லிவிடுவேன். நான் செய்யக்கூடியவள் என்பது உனக்குத் தெரியும்.

பொறுமை இழந்த,
வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

நான் ரொம்பவும் சுகம். அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

அப்பா வந்தார். கீழ்த்தளத்துக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்பா. நீங்க?" என்றேன். "ஆச்சு" என்றார். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் எங்களோடு இருக்கும் வயதானவர் ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்கள். "லிஃப்ட் இருக்கே, என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். "நடுவுல நின்னுடுச்சு சார். ஆள் அனுப்புறேன் அனுப்புறேன்னு சொல்றாங்க, யாரும் வரல" என்றார் இல்லத்து நிர்வாகி. அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாவி கேட்டு வாங்கினார். அதை என் கையில் போட்டார்.

"மெஷின் ரூமுக்குப் போ."

"அப்பா, வேற யாரையாவது..."

"இங்க வேற யாருக்குப் பிரேக் பிடிக்கத் தெரியும்? போ."

மேலே போனேன். மின்சாரத்தை நிறுத்தினேன். ஒரு கை பிரேக் நெம்புகோலில், ஒரு கை கயிற்றைச் சுற்றும் சக்கரத்தில். கயிறு இறங்கும் துவாரம் வழியாகக் கீழே பார்த்தால் இருட்டில் அவருடைய டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கூரைமேல் ஏறி நின்றுவிட்டார். அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்லவேண்டும், சொன்ன பிறகுதான் எதுவும் அசையவேண்டும். அதுதானே எங்கள் வழக்கம்.

"ஏத்து" என்றார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை.

"ஏத்துடா."

"அப்பா, கை நடுங்குது."

இறங்கிவிடுவார், இறங்கிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். டார்ச் வெளிச்சம் அசையவே இல்லை.

"நடுங்கட்டும்" என்றார். "நடுங்குதுன்னு வாயத் தொறந்து சொன்னியே, அது போதும். நான் இறங்கமாட்டேன். உனக்கு எப்போ முடியுதோ அப்போ ஏத்து."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அவர் கேட்கவே இல்லை. கடைசியில், "ஏத்துறேன்பா" என்றேன். சக்கரத்தைச் சுற்றினேன். கூண்டு மெள்ள மெள்ள மேலே வந்தது.

"நிறுத்து."

"நிறுத்திட்டேன்பா."

இந்தத் தடவை நிறுத்தியிருந்தேன், வாலு. அந்த லிஃப்டின் மொத்தக் கனமும் என் கையில் நின்றது. கீழே ஸ்பானர் சத்தம் கேட்டது. கதவுக் கொக்கி ஒன்று வளைந்திருந்ததாம். அவர் அவசரப்படவே இல்லை. நிதானமாக, ஏதோ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல வேலை பார்த்தார்.

நான் முழுதாகத் தேறிவிட்டேன் என்று அவர் உறுதி செய்துகொண்டு பிறகு வந்து நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் அது வெறும் வேலை. அவர் நடுங்குகிற கையை நம்பி நின்றார். கடவுளின் அன்பை நான் இத்தனை நாளாக ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது கயிற்றுத் துவாரம் வழியாக வந்தது. நான் புது ஆளாகிவிட்டேன் என்று நானே நம்பியது அந்த நிமிடம்தான்.

வேலை முடிந்து இறங்கி வந்ததும், கிரீஸ் கையாலேயே என் கழுத்தைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அடிபட்ட தோளில்தான். "அடுத்த மாசம் கூட்டிட்டுப் போக வரேன். கூரைமேல நிக்கிற வேலை அத்தனையும் அப்படியே கிடக்கு. உனக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

முதலில் அந்த வயதானவரை மேல்மாடியில் நாற்காலியோடு ஏற்றிக் கீழே இறக்கினோம். லிஃப்ட் எங்கும் சிக்காமல் வந்தது. அதைப் பார்த்ததும் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து உள்ளே ஏறிக்கொண்டார்கள். எடை அதிகம் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. "ரெண்டு பேர் இறங்குங்கப்பா!" என்று நிர்வாகி கத்தினார். யாரும் இறங்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அப்பாவும் இறங்கச் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவர் ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். நாங்கள் எங்கும் போகவில்லை. கதவு திறந்தபடி, மணி அடித்தபடி, தரைத்தளத்திலேயே நின்றுகொண்டு எல்லோரும் தொண்டை கிழியப் பாடினோம். அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக, ஒரு வரி பின்தங்கியே பாடினார்.

குளியலறையில் நீ கேட்டது அதன் மிச்சம்தான்.

அன்புடன்,
அண்ணன்